மணலில் நின்ற கப்பலுக்கு வெளியேற்ற முத்திரை

யூசுப் அலி பாய் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டார். எழுத ஒன்றும் இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் ‘இல்லை’ என்று எழுதுவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது, பெரியப்பா மகனின் பாஸ்போர்ட்டுக்காகக் கோட்டக்குப்பம் போனபோது அதை முதலில் பார்த்தேன். அப்புறம் ஏழெட்டு வருஷமாக, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மணியார்டர் பாரத்தில் சேதி எழுத விட்டிருக்கும் இடத்திலும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“காலி மனை கெடந்தா எவனாச்சும் குடிசை போட்டுடுவான் தம்பி” என்பார்.

கோட்டக்குப்பம் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையின் முன்பாதிதான் அவருடைய ஆபீஸ். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு பெஞ்சு. எட்டாவதோடு நின்றவர். ஆனால் துபாய்க்கும் குவைத்துக்கும் போன ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அவர் அடித்த தாளில்தான் போனார்கள். அவர் மட்டும் எங்கும் போனதில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வரும் அவர் மனைவி ஹலீமா பீவி, “ஊரையே ஏத்தி அனுப்பிட்டாரு. இவரு இன்னும் பக்கத்துல இருக்கிற முத்தியால்பேட்டைய தாண்டல” என்று எல்லார் காதிலும் விழச் சொல்வார்.

நான் கிளியனூர். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள். திண்டிவனத்தில் இடம் கிடைக்காமல் விழுப்புரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தேன். பட்டம் வாங்கிய பிறகு அந்த விஞ்ஞானத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கி வேர்க்கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க முடியாமல் வாரத்துக்கு நான்கு நாள் பஸ் ஏறி பாயின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அவருக்கு உதவுவதாக நான் சொல்லிக்கொண்டேன். தேவநாதனுக்கு, அதாவது எனக்கு, நிழல் வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டார். இரண்டில் எது சரியென்று விசாரிக்க நான் முயன்றதில்லை.

1986 ஜூலையில் ஹென்றிக் என்ற டென்மார்க்காரர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தன்னந்தனியாக இருபத்தாறு அடிப் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர். சுக்கான் உடைந்து, அனுமதி வாங்கி, பொம்மையார்பாளையம் மணலில் படகை ஏற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மீனவர்கள் வேப்பமரத்தில் புதுச் சுக்கான் செய்து கொடுத்துவிட்டார்கள். இனி மலேசியா போக வேண்டும். சிக்கல் ஒன்றுதான். வெளிநாட்டுப் படகு சுங்கவரி இல்லாமல் ஆறு மாதம்தான் இங்கே இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள் நின்றாலும், வரி படகின் விலையைத் தாண்டும்; கட்டாவிட்டால் படகு பறிமுதல். அந்தப் படகைத் தவிர அவருக்கு வீடு இல்லை.

“ஆளு ஏறிப் போற பேப்பர்தான் நான் செஞ்சிருக்கேன். கப்பலே போற பேப்பர் இப்பதான்” என்று பாய் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மாலுமிகள் பட்டியல் என்று ஒரு தாள். கேப்டன், துணை, சமையல்காரர் என்று தனித்தனி வரி. ஆள் ஒருவர்தான். மற்ற வரிகளில் கோடு போட்டுவிடலாம் என்றேன். சோறு ஆக்குவது யார் என்று பாய் கேட்டார். ஹென்றிக் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆக, எல்லா வரியிலும் அவர் பெயரே ஏறியது. அடுத்து, பாண்டிச்சேரி சுங்க ஆபீஸில் கப்பலுக்கென்று ஒரு ரப்பர் முத்திரை வேண்டும் என்றார்கள். செய்து வரத் திண்டிவனத்துக்குப் போனது நான். ரப்பர் ஸ்டாம்பு கடையில் தாமரை இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, நங்கூரம் இல்லை. சூலத்தைத் தலைகீழாக வைத்தால் நங்கூரம் மாதிரிதான் இருக்கும் என்று யோசனை சொன்னது என் பட்டப்படிப்பு. ஒரு டென்மார்க் படகு, தலைகீழ் சூலத்தோடு, பாண்டிச்சேரி அதிகாரியின் மேசைக்குப் போனது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே எல்லாம் முடிந்தது. சுங்கம், துறைமுக அனுமதி, பாஸ்போர்ட்டில் இந்தியாவை விட்டு வெளியேறியதற்கான முத்திரை. வெள்ளி ஜும்ஆ தொழுகை, சனி ஞாயிறு லீவு, ஆகவே வியாழனே வாங்கிவிட வேண்டும் என்பது பாயின் கணக்கு. நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், “தாள் கையில இருந்தா மத்தது தானா நடக்கும்” என்று வேறு சொன்னேன். சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் நான்கு நான்கு நகலாக எடுத்து வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கிறவன் வேறு என்ன சொல்வான். முத்திரை விழுந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் படகு புறப்பட வேண்டும், அதுவரை ஆள் கரையில் திரியக் கூடாது என்று அதிகாரி சொன்னதற்கும் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மூன்று பேரும் ஒரே டாக்சியில் பொம்மையார்பாளையம் போனோம். படகைத் தள்ள நாற்பது பேர் வேண்டும். மீனவர்களில் சொல்வாக்குள்ள துரைக்கண்ணு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் கயிறு.

“இன்னிக்கா? காலீல காப்பு கட்டியாச்சுங்க. நாளைக்கு ஆத்தாளுக்குக் கூழு. கூழு ஊத்தி முடியாம ஒரு கட்டுமரம் தண்ணியத் தொடாது. சனிக்கெழம காத்தால தள்ளலாம்.”

“இத ஏன்யா முன்னாடியே சொல்லல?” என்றார் பாய்.

“நீங்க எங்க கேட்டீங்க? மூணு நாளா பாண்டிக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்க. எங்கள ஒரு வார்த்த கேக்கல.”

பாய் என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, நான் துலுக்கன், எனக்குத் தெரியல. ஆடி மாசம் கூழ் ஊத்துவாங்கன்னு உனக்குமா தெரியாது?”

“எங்க ஊர்ல மூணாவது வெள்ளி பாய்.”

“மூணாவது வெள்ளியாம். நல்லா படிச்ச போ.”

ஹென்றிக்குக்கு நான் விளக்கினேன். தாளின்படி இந்தியாவை விட்டு அவர் காலையிலேயே போய்விட்டார். ஆனால் அவர் படகு இன்னும் இந்திய மணலில் நிற்கிறது. அவர் வெறும் காலோடு நின்று கேட்டார். பிறகு, “நான் இப்போது எங்கே இருக்கிறேன்?” என்று கேட்டார். கடலோரத்திலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை ஒரு நாட்டின் எல்லை என்று இரண்டாம் ஆண்டில் படித்திருந்தேன். கரையிலிருந்து இந்தப் பக்கம் என்ன என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளச் சொன்னேன். அவரும் ஏறி உட்கார்ந்தார். மணல்மேல் நின்ற படகில் ஒருவர் நாடில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். துரைக்கண்ணு வீட்டிலிருந்து ஒரு சொம்பு கேப்பைக் கூழ் மேலே போனது.

இனி ஒரே வழி, அதிகாரியிடம் உண்மையைச் சொல்லித் தேதியை மாற்றி வாங்குவது. அதற்கு யாருடைய தவறு என்று எழுத்தில் ஒரு விளக்கம் வேண்டும். பாய் கடைக்கு வந்து தாளைச் செருகினார். பிறகு வேகமாக அடித்து என்னிடம் நீட்டினார். ‘பி.ஏ. பட்டதாரியான தேவநாதன் ஆகிய நான், எனது அறியாமையினாலும் அவசரத்தினாலும்’ என்று தொடங்கியது.

“பாய், வியாழக்கிழமையே வாங்கணும்னு சொன்னது நீங்க.”

“நான்தான் தம்பி. இல்லங்கல. ஆனா அந்த ஆபீஸ்ல என் பேர் கெட்டா நாளைக்கு எவன் என்கிட்ட தாள் கொண்டாருவான்? எனக்குப் பேருலதான் சோறு. உனக்கு இன்னும் பேரே ஆவல, கெடறதுக்கு இன்னா இருக்குது?”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டதுதான் அவமானம். பேனாவை எடுத்தேன்.

“இந்தாளு மொதல்ல போவட்டும்” என்றார் பாய். “போன பெறகு, தப்பு என்னுதுன்னு அதிகாரிக்கு நானே ஒரு லெட்டர் எழுதிடறேன். இது உனக்கு நான் பட்ட கடன்.”

வெள்ளிக்கிழமை காலையில் விளக்கத்தை நான்தான் கொண்டுபோனேன். அதிகாரி படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். “கப்பலைத் தண்ணியில போட்டுட்டு வரணும்னு தோணலையா?” என்று மட்டும் கேட்டார். பழைய முத்திரையை ரத்து செய்தார். லீவு நாளாக இருந்தும் சனிக்கிழமை காலையில் அவரே வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை விடிந்ததும் நாற்பது பேர் தள்ள, படகு கடலில் மிதந்தது. அதன் பிறகுதான் முத்திரை. மத்தியானத்துக்குள் பாய்மரம்கூடத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. ஹென்றிக் பினாங்கிலிருந்து ஒரு தபாலட்டை போட்டார். அங்குள்ளவர்களுக்கு அந்தத் தலைகீழ் சூல முத்திரை மிகவும் பிடித்துவிட்டதாம்.

பாய் எழுதுவதாகச் சொன்ன கடிதத்தைப் பற்றி நான் அவருக்கு இரண்டு தடவை நினைவுபடுத்தினேன். முதல் தடவை “எழுதுவோம்” என்றார். இரண்டாம் தடவை உடனே தாளைச் செருகி, தேதி அடித்து, ‘ஐயா’ வரைக்கும் வந்தார். அப்போது பஹ்ரைன் போகிற ஒருவர் ஜல்தியாக வேண்டுமென்று நான்கு படிவங்களோடு வந்துவிட்டார். மறுவருஷம் ஒரு கிளார்க் வேலைக்கு நேர்முகம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவர் அதே அதிகாரி. என் பெயரை வாசித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. அந்த விளக்கம்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று கேட்ட ஆறு கேள்விகளில் நான்குக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

1989இல் பாய் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் அவர் மகன் இப்ராஹிம் ஷா கூட்டத்தைப் பார்த்து நின்றான். “அத்தா யாருக்காச்சும் கடன் தரவேண்டி இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க. நாங்க தீத்துடறோம்” என்றான். அது அவர்கள் வழக்கம். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் ஒரு நிமிஷம் தடுமாறினேன். ஒரு கடிதம் பாக்கி என்று எப்படிச் சொல்வது? மகன் எழுதினால் அது செல்லுமா? அதைவிட, அன்று தலையாட்டியவனும் தாள்தான் முதல் என்று பேசியவனும் நான்தானே. அந்தக் கடிதத்தில் வர வேண்டிய தப்பில் பாதிக்கு மேல் என்னுடையதுதானோ என்ற சந்தேகம் வந்தது.

சைக்கிள் கடைக்காரர் ஒருவர்தான் ஏதோ சொல்ல முன்னால் போனார். நான் வாய் திறக்கவில்லை. கடிதம் இன்றுவரை எழுதப்படவில்லை. அந்த ஆபீஸ் கோப்பில் அறியாமைக்கும் அவசரத்துக்கும் பொறுப்பானவன் இப்போதும் நான் ஒருவன்தான்.