அக்கா என்னோடுதான் இருந்தார்

அக்கா கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. மகள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். "இதையெல்லாமா மலர்ல போடுறது?" என்று அவள் கேட்ட இடங்களில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அக்காவைப் பற்றி நல்லதாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்மேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்திதான். அதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

அக்கா பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. நான் அக்காவுக்கு நாலு வயது இளையவள். தோட்டத்து ஆட்களை எல்லாம் இந்தியாவுக்குப் போவதா, இங்கே இருப்பதா என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன காலம் அது. எங்கள் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு யோசனை செய்தார்கள். அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். கண்டி டவுனில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இங்கேயே இருக்க மனுப் போட்டார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. இரண்டு நாட்டிலும் ஒரு கால் இருக்கட்டும் என்று, அத்தையின் மனுவில் அவர் பெற்ற மகளாக என் பெயரை எழுதிவிட்டார்கள். அப்படிச் செய்த குடும்பம் எங்களுடையது மட்டும் அல்ல. என் பிறப்பு அரசாங்கத்தில் எங்கும் பதியப்படாததால் கேள்வி கேட்கவும் ஆளில்லை.

அப்பா அம்மாவோடு அக்கா கோச்சி வண்டி ஏறியபோது அவருக்குப் பதினாலு வயது, எனக்குப் பத்து. ஸ்டேஷனில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. அக்காவின் கை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பொறாமை அந்தக் கையில் தொடங்கியது.

அத்தை என்னைக் குறையில்லாமல் வளர்த்தார். பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தபோது தாயின் பெயர் என்ற இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. உன் அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் அத்தையைத்தான் காட்டுவேன். என்னை விட்டுவிட்டுப் போனவரின் பெயரை நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. கல்யாணப் பதிவிலும் அப்படியே எழுதினேன்.

அக்கா நீலகிரியில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். இருபத்தெட்டு வருடம் அம்மாவை அக்காதான் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களிடம் அம்மாவையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்றாராம், ஒருவரும் திரும்பி வரவில்லையாம். இதையெல்லாம் தியாகம் என்று உறவினர் சொல்வார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. இருபத்தெட்டு வருடம் அம்மா கிடைத்ததே என்றுதான் நினைத்தேன்.

அம்மா காலமான பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், அக்கா என்னைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விசாவில், பிறந்த ஊருக்கு. அப்போது நாங்கள் அம்பிட்டியப் பக்கம் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில், எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய், மனைவியை இழந்த ஒருவர் தனியாக இருந்தார். புத்தகக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் நிற்பவர். அக்கா வந்த மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து என்னிடமே அக்காவைப் பெண் கேட்டார். எனக்குக் கிடைத்த அத்தான் அவர்தான். அக்கா வெட்கப்பட்டுக் குசினிக்குள் போனார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, அக்காவுக்கு எல்லாம் பிந்தியாவது கிடைத்துவிடுகிறதே என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அக்காவின் வாழ்க்கை ஒவ்வொரு வருடமாக நடந்தது. இலங்கைக்காரரின் மனைவி என்று விசா கொடுப்பார்கள், வருடம் முடியுமுன் நீட்டிக்க வேண்டும். அதற்கு இருவரும் கொழும்பில் விசா கொடுக்கும் கந்தோருக்கு நேரில் போக வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே அத்தான் ஆயத்தமாகிவிடுவார். ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுப்பார். போகிற அன்று வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போடுவார். அக்கா கல்யாணச் சேலையைக் கட்டுவார். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக இருவரும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போவதை நான் குழாயடியில் நின்று பார்ப்பேன். மிஞ்சிய படத்தை அத்தான் அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைப்பார். வருடத்துக்கு ஓர் அக்கா. அந்த வயதுவரை என்னை ஒருவர் படம் எடுத்தது அடையாள அட்டைக்கு மட்டும்தான்.

திரும்பி வந்ததும் அக்கா சுவருக்கு மேலால் கதை சொல்வார். அதிகாரி ஒவ்வொரு முறையும் அத்தானிடம் கேட்பாராம், இவர் உங்களோடுதான் இருக்கிறாரா என்று. அத்தான் எழுந்து நின்று, "என் வீட்டம்மா சேர், என்னோடதான் இருக்காங்க" என்பாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அக்கா. எனக்கு வயிறு எரியும். என் கணவர் நல்லவர். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தினோம். ஆனால் கோவிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால் நடப்பார். இவள் என் பெண்சாதி என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லச் சொல்லி அவரைக் கேட்க ஒரு கந்தோரும் இருக்கவில்லை.

இப்போது என் மகள் போட வேண்டாம் என்ற இடம் வருகிறது. என் கணவர் இறந்த வருடம் அது. விசாவுக்காகக் கிராம சேவகரின் கடிதமும் வேண்டும். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்களா என்று பக்கத்தில் விசாரித்துத்தான் சேவகராக இருந்த மிஸ் எழுதுவார். மற்ற வருடங்களில் பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் போவார். அந்த முறை நான் குழாயடியில் இருந்தேன். உள்ளே அத்தான் பாட, அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. "செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா, யாரு இல்லன்னு எனக்கு எப்புடித் தெரியும் மிஸ்? அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன். கூடப்பிறந்தவளே இப்படிச் சொன்னால் அந்த மிஸ் என்ன செய்வார்? எழுதாமல் போய்விட்டார். பிறகு லீவில் போய்விட்டார். விசா முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அக்கா உடுப்புகளை எடுத்துப் பெட்டியில் அடுக்குவதை ஜன்னலால் பார்த்தேன். விசாவுக்குக் கட்டும் கல்யாணச் சேலையை மட்டும் வெளியே வைத்திருந்தார். அதைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். திகனப் பக்கம் இருந்த மிஸ்ஸின் வீட்டைத் தேடிப் போய், நான் சொன்னது பிழை, அவர்கள் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை என்று சொன்னேன். மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் சுவருக்கு மேலால் பலாக்காய்க் கறி வந்தது.

பிறகு அத்தானும் போய்விட்டார். வாடகை வீட்டை விட்டு, ஒரு பெட்டியோடும், அலுமாரியிலிருந்து கழற்றிய, படங்கள் செருகிய அந்தக் கண்ணாடியோடும் அக்கா என் வீட்டுக்கு வந்தார். என் பேரப்பிள்ளைகள் ஒரே வாரத்தில் பெரியம்மாச்சி, பெரியம்மாச்சி என்று அவர் பின்னால் திரிந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விசா முடிகிற நேரம் வந்தது. கணவர் இல்லாததால் மனைவி என்ற பேரில் இனி நீட்டிக்க முடியாது, பொறுப்பேற்க இரத்த உறவு யாராவது இருந்தால் அத்தாட்சியோடு வரச் சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அங்க போனா எனக்கு யாரு இருக்கா? அம்மா இருந்த லயத்து வீட்டுல இப்ப வேற ஆளு" என்றார். நான் என் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் காகிதத்தின்படி நான் அக்காவின் தங்கச்சியே இல்லை. ஐம்பது வருடம் பெருமையோடு காட்டிய காகிதம் அது.

அக்கா கோபப்படவில்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானம் குடுத்தது ஒரே கோவில்தானே, புள்ள?" என்றார்.

கலஹா பஸ்ஸில் போனோம். பங்குச் சாமி அலுமாரியிலிருந்து பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துப் புரட்டினார். அக்காவுக்கு ஒரு பக்கம். நாலு வருடம் தள்ளி எனக்கு ஒரு பக்கம். தாயின் பெயரை அவர் இரண்டு முறை வாசித்தார், இரண்டும் ஒரே பெயர். என் பெயரோடு அம்மாவின் பெயரைச் சேர்த்து ஒருவர் சொல்லி நான் கேட்டது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. அந்த எழுத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சாமியிடம் கேட்டேன்.

அடுத்த வாரம் கொழும்புக்குப் போனோம். அக்கா கல்யாணச் சேலை கட்டினார். நானும் நல்ல சேலை ஒன்று கட்டினேன். பஸ்ஸில் அக்கா என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, கடுகண்ணாவை மலை இறக்கம் முழுவதும் மடியில் வைத்திருந்தார். "நீ யாரையும் கேக்காம இங்க இருந்துட்ட" என்றார். "எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமா?"

"உனக்கா? அம்மாவையே வச்சிருந்தவ நீ."

"வச்சிருந்தேன். ஒரு வாய் சோறு ஊட்டினா, சின்னவ சாப்புட்டிருப்பாளான்னு கேக்கும் அம்மா. இருபத்தெட்டு வருசம், தினமும் ரெண்டு வேளை. சில நாள் உன்ன நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

இறக்கம் முடிந்ததும் அக்கா அட்டையைத் திருப்பித் தந்தார். "அந்த வருசம் சேவகர் மிஸ்கிட்ட நீ சொன்னது எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிப்புடுவ. பெறகு எப்புடி ஒரே குழாயில தண்ணி புடிக்கிறது?"

கந்தோரில் இருந்தது ஓர் இளம் பெண் அதிகாரி, தமிழ் தெரிந்தவர். என் பத்திரத்தையும் கோவில் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதில் தாய் வேறு, அதில் தாய் வேறாக இருக்கிறதே என்றார். நான் எழுந்து நின்றேன். என்னை வளர்த்தவர் பெயர் அது, பெற்றவர் பெயர் இது என்று சொல்லி, மனு எழுதின கதை முழுவதையும் சொன்னேன். அவர் இடையில் நிறுத்தவில்லை. கடைசியில், இவர் யாரோடு இருக்கிறார் என்று கேட்டார்.

"என் கூடப் பொறந்த அக்கா மிஸ். என்னோடதான் இருக்காங்க" என்றேன்.

அக்கா பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பார்த்தால் அது சிரிப்பு இல்லை. காகிதங்களை மேலிடத்துக்கு அனுப்பி, இரண்டு வாரம் கழித்து ஒரு வருடம் கொடுத்தார்கள். அந்த முறை ஸ்டூடியோவில் அக்கா என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பித்தார். கண்ணாடி ஓரத்தில் கடைசியாக இருப்பது அதுதான். மலரின் முகப்பில் நீங்கள் பார்ப்பதும் அதில் பாதி.

அந்த வருடம் முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சு வாங்கும்போதும், விசா எப்போது முடிகிறது என்றுதான் கேட்டார். இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்றேன். "அது போதும்" என்றார். அத்தானின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் கிடைத்தது. என் கணவர் அதே மையவாடியில் இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார், வழக்கம்போல் முன்னால்.

ஆஸ்பத்திரியில் அக்காவை இரவு பகல் பார்த்த தாதிமாருக்கும், பழைய புத்தகத்தைத் திறந்த சாமிக்கும், என் முதல் பேச்சை மறந்து இரண்டாம் பேச்சை நம்பிய சேவகர் மிஸ்ஸுக்கும், வருடா வருடம் அக்காவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரருக்கும், அடக்கத்தன்று மழையில் நின்ற எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நீலகிரியிலிருந்து வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் நன்றி.

அடக்கம் முடிந்த மாதம், அக்கா காலமானதை அறிவிக்க, மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய பாஸ்போர்ட்டோடு கொழும்புக் கந்தோருக்குப் போனேன். அந்த அதிகாரி இல்லை, வேறொரு பிள்ளை இருந்தது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விசா இன்னும் முடியவில்லையே, ஆள் நாட்டை விட்டுப் போய்விட்டாரா என்று கேட்டது. மகள் மரணப் பத்திரத்தைப் பையில் தேடிக்கொண்டிருந்தாள். அவள் எடுப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"இல்ல மிஸ்," என்றேன். "என்னோடதான் இருக்காங்க."

இப்படிக்கு,
உடன்பிறந்த தங்கச்சி