பழைய சீட்டுக்கு மேலே ஒரு சீட்டு

செய்தி வந்தபோது என் கையெல்லாம் பசை. கல்லூரியின் உலர்தாவர அறையில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது என் வேலை. உடன் வேலை பார்க்கும் முருகன் அண்ணன்தான் போனை என் காதருகே பிடித்தார். ராயபுரத்தில், தன் வீட்டில், தூக்கத்திலேயே பிலோமினா அக்கா போய்விட்டார். தாவரவியல் பேராசிரியர்தான், ஆனால் மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்; எல்லோருக்கும் அக்காதான்.

நெருங்கிய சொந்தமுள்ள செடிகளைச் சேர்த்துப் பேரினம் என்பார்கள். ஆவாரையும் சரக்கொன்றையும் முன்பு ஒரே பேரினம்; பிறகு பிரித்தார்கள். ஏன் என்று ஒருமுறை முருகன் அண்ணன் கேட்டபோது அக்கா இரண்டு பூக்களையும் மேசையில் வைத்தார்.

"ரெண்டும் மஞ்சாதான். உள்ள பாரு, நைனா. கொன்னைல மூணு மகரந்தக் காம்பு நீட்டா வளைஞ்சுகினு கீது. ஆவாரைல அப்டி இல்ல."

அக்காவும் ஒரு செடியைப் பிரித்தவர். சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்த சேற்றில் கண்டெடுத்த சிறு செடி அது. காயின் வடிவம் அதன் சொந்தங்களைப் போல இல்லை என்று தனிப் பேரினமாக்கினார். அவர் வைத்த ஒரே பேரினப் பெயர் அதுதான்; அதை எழுதிய சீட்டு செடியின் தாளில் ஒட்டியிருந்தது. சென்ற மழைக்காலத்தில் வெளியூர் ஆய்வகத்திலிருந்து மரபணு முடிவு வந்தது; அந்தச் செடியைப் பிரித்தது தவறு என்றது. அக்கா அதைப் படித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்:

"எல்லாம் ஒரு தாயி வயித்துப் பசங்க. நடுவால ஒருத்தியை மட்டும் வேற குடும்பம்னா எப்டி ஒத்துக்கிறது?"

நான் பசைத் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஒங்க பழைய சீட்டை உரிச்சுடட்டாக்கா? யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் முருகன் அண்ணன்.

"கலீஜ் பண்ணாத. அன்னிக்கு நான் பாத்தது அதான். வுடு, இருக்கட்டும்."

எங்கள் அறை வழக்கமும் அதுதான். யார் எழுதிய பெயரையும் கிழிப்பதில்லை. திருத்திய சீட்டைப் பழையதை மறைக்காமல் அதற்குச் சற்று மேலே ஒட்டுவோம். அக்கா தன் கையாலேயே அந்தச் செடியின் சொந்தங்களுடைய பேரினப் பெயரை ஒரு புதுச் சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். அழப்போகிறார் என்று பயந்தேன்.

"இன்னாடி முழிக்கிற? பிரிஞ்சு போன பொண்ணு வூட்டுக்கு வந்துகீறா. டீ சொல்லு, சமோசாவும் சொல்லு!"

ஒட்டி முடித்ததும் குனிந்து பார்த்தார். "மேல இடம் வுட்டியா? நாளைக்கு வர்றவன் என்னைவிட நல்லாப் பாப்பான். அவன் சீட்டுக்கும் இடம் ஓணும்ல?"

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சீட்டிலும் அக்காவின் கையெழுத்து. ஒன்று பிரித்தது, ஒன்று சேர்த்தது. அதற்கு மேலே வெற்றிடம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். செடி தாளைவிட நீளமாக இருந்தால் காம்பை மடக்கி ஒட்டுகிறேன். அடுத்த சீட்டுக்கான இடத்தை மட்டும் தொடுவதில்லை.