ஹைடைட் வரைக்கும் உட்காருங்கள்

‘ஆற்றின் ஓட்டத்துக்குத் தடையாக உள்ள வீடு’ என்று முன்கூட்டியே அச்சடித்த தாளோடு வந்திருந்தார் சர்க்கார் சர்வேக்காரர். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் தாராவியில் மித்தி ஆற்றோரம் இருக்கும் என் வீடு போய்விடும். என்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டால் சந்தே காலி.

அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலி; நான் இதே வீட்டில் பிறந்தவள். அப்போது பெய்கிற மழை சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும். பிறகு அக்கரைச் சதுப்பில் மண்ணைக் கொட்டிக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுப்பினார்கள். ஆறு ஒடுங்கிற்று. இக்கரையில் எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சுவர் வைத்தார்கள். மழையும் இப்போது முன்னைப் போல நாளெல்லாம் நிதானமாகப் பெய்வதில்லை. ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூன்று முறை வீட்டுத் தரையை உயர்த்திவிட்டோம். என் வீட்டுக்காரர் தலையில் இடிக்கும் என்று ஃபேனைக் கழற்றி வைத்திருக்கிறோம். இதில் தடை நாங்களாம்.

“மௌசி, சீக்கிரம் சைன் பண்ணுங்க. இன்னும் இருபது வீடு பாக்கி இருக்கு” என்றார் அவர் ஹிந்தியில், என்னைச் சித்தி முறை வைத்து.

“ஏட்டி, போட்டுத் தொலை. சர்க்காரோட மல்லுக்கட்டவா முடியும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க பேசாம இருங்க.”

எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு ஹைடைட் எப்போது, கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று சொல்வார்கள். கடல் ஏறினால் மித்தியும் ஏறும். அன்று பன்னிரண்டரை. வானம் கருத்துக் கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உட்காருங்க சாப். சாயா குடிங்க. ஹைடைட் முடியட்டும். யாரு எதுக்குத் தடைன்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து கேளுங்க.” ஹிந்தியில்தான் சொன்னேன். கோபம் மட்டும் திருநெல்வேலி.

மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் வாசல் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் ஏறியது. சர்வேக்காரர் கட்டிலுக்குத் தாவினார். அவருடைய ஷூவை எடுத்து அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, பின் ஜன்னலைத் திறந்து காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு நிறைந்து நின்றது. இந்தப் பக்கம் வெளியே போக வழியில்லாத மழை.

“இதை எழுதுங்க” என்றேன்.

“அதுக்கு இதுல கட்டம் இல்லை மௌசி.”

“ஓரத்துல எழுதுங்க.”

எழுதத் தனக்கு அதிகாரமில்லை என்றார். மூன்று மணி நேரம் கட்டிலில் சம்மணம் போட்டு இருந்தார். தண்ணீர் வடிந்ததும் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார். இருபது வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஒருநாள் கையெழுத்தில்லாமலே இடிக்க வருவார்கள். வரட்டும், அன்றைக்கும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

போன வாரம் புது ஆபீசர் ஒருவர் போன் செய்தார். அதே தாள்தான். எப்போது வரலாம் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஒரு நிமிஷம் இருங்க சாப்” என்று சொல்லிவிட்டு, நியூஸ் பேப்பரை விரித்து ஹைடைட் நேரம் பார்த்தேன்.