கோல் வராத டெப்

நஜ்லாவுக்கு மருத்துவ பீடம் கிடைத்த அன்றே அவளுடைய போன் பொதுச்சொத்தாகிவிட்டது. கல்முனையில் இருக்கும் சொந்தக்காரர் அத்தனை பேரும் அந்த இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டார்கள். முதலாம் வருடத்தில் அவள் எலும்புகளின் பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, மருமகனின் மூலவியாதிக்கு எந்தக் குளிசை நல்லது என்று கேட்டு சாச்சி கோல் எடுத்தார்.

"அதெல்லாம் எங்களுக்கு இன்னும் படிப்பிக்கல்ல சாச்சி."

"அப்ப அங்க இருந்து என்னத்தக் கா படிக்கிறாய்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நஜ்லா சிரித்து மழுப்பினாள். மழுப்பியது பிழை என்பது பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் வருடம் வார்டுக்குப் போகத் தொடங்கியதும் கரைச்சல் முற்றியது. மருந்து அளவுகள், நேரசூசி, நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அந்தப் போனுக்குள்தான் கிடந்தன. அது கையில் இல்லாமல் வார்டில் நிற்க முடியாது. கையில் இருந்தால் அது சும்மா இருக்காது. சத்தத்தை நிறுத்தினால் வெள்ளைக் கோட்டின் பைக்குள் கிடந்து துடிக்கும். ஒருநாள் பிளைட் மோடில் போட்டுவிட்டு ஒரு பகல் நிம்மதியாக வகுப்பில் இருந்தாள். ஹொஸ்டலுக்குத் திரும்பினால் வாசலில் வாப்பாவும் சாச்சாவும் ஓட்டோவோடு நிற்கிறார்கள். போன் ஓஃப் என்று உம்மா அழுது வீட்டை இரண்டாக்கியதில், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓட்டோவிலேயே பறந்து வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று மாமியின் இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுவந்திருந்தார்கள்.

அதையும் சிரித்தே சமாளித்தாள். ஆனால் குழந்தைகள் வார்டில் நடந்ததைச் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை.

வலிப்பு வந்த ஒரு சின்னப் பிள்ளை. தாயின் பெயர் கிருபாமலர். இரவெல்லாம் கண் மூடாத முகம். நஜ்லா பக்கத்தில் நின்று விசாரிக்க, அந்தப் பெண் மெல்ல மெல்லத்தான் வாய் திறந்தார். "ராவு காய்ச்சல் காஞ்சது டொக்டர். அதுக்கு முந்தி ஒரு நாள், நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல..." என்று தொடங்கினார். போன் துடித்தது. மாமி. வெட்டினாள். மறுபடி மாமி. வெட்ட வெட்ட மாமி. "நீங்க கதைங்க டொக்டர், பொறகு சொல்றன்" என்று கிருபாமலர் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பிறகு வரவே இல்லை. அதற்குள் கன்சல்டன்ட் வந்துவிட்டார். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று நஜ்லாவைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவருடைய கண் அவள் கையிலிருந்த போனுக்குப் போனது.

"போனோட கதைச்சு முடிஞ்சா பேஷன்டோடயும் கொஞ்சம் கதைக்கப் பாருங்க" என்றார், எல்லா மாணவர்களும் கேட்க.

மாமிக்குத் தெரியவேண்டியிருந்தது இதுதான்: இருமலோடு இறால் சாப்பிடலாமா?

அன்று ஹொஸ்டலில் சோறு இறங்கவில்லை. வார்டுக்கென்று தனியாக ஒரு சாமான் வேண்டும் என்று முடிவெடுத்தாள். கோட் பைக்குள் போகிற அளவு. ஒரு கையால் பிடித்து மறு கையால் எழுதக்கூடியது. இன்டர்நெட் இல்லாமலே மருந்துப் புத்தகம் திறக்கவேண்டும், இன்ன நாள் இன்ன வேலை என்று ஞாபகப்படுத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஒருவரும் அவளைக் கூப்பிட முடியாமல் இருக்கவேண்டும். போன் ஹொஸ்டல் அலுமாரியில் கிடந்து அடிக்கட்டும்.

லீவில் வீட்டுக்கு வந்து கேட்டதும் வாப்பா மறுக்கவில்லை. மாவடிப்பள்ளி வயலில் நெல் வெட்டு முடிந்து மனிதர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "டொக்டருக்கு வேண்டாததா?" என்று எழும்பிவிட்டார். எழும்பியவர் தனியாக வந்திருந்தால் பரவாயில்லை. உம்மாவும் வந்தார். கட்டாரிலிருந்து அவளுடைய மூத்த சகோதரர் நிப்றாஸ் நானா வீடியோவில் வந்தார். போனது சியாம் மாமாவின் கடைக்கு. உம்மாவின் சாச்சா மகன் போன் கடை வைத்திருக்கும்போது வேறு கடையில் ஏறினால், அடுத்த கலியாணத்துக்கு அழைப்பு வராது.

சியாம் மாமா எடுத்த எடுப்பில் சாப்பாட்டுத் தட்டளவு டெப்லட் ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"டொக்டர்மாருக்குப் பெரிசுதான் மதிப்பு மகள்."

"கோட் பைக்குள்ள போகாதே மாமா."

"பேக் ஒண்டு சும்மா தாறன்."

நிப்றாஸ் நானா கமெரா எத்தனை என்று கேட்டார். நோயாளியைப் படம் பிடிக்கவா போகிறாள் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. உம்மாவுக்கு ரோஸ் நிற உறை பிடித்துப்போனது. அடுத்து வந்தது சின்ன டெப், இரண்டு சிம் போடலாம். வாப்பாவின் முகம் மலர்ந்தது.

"நல்லம். ஒண்டு வீட்டுக்கு, மற்றது குடும்பத்து ஆக்களுக்கு."

நஜ்லா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டைப் பார்த்தாள். அங்கே தூசி படிந்து ஒன்று கிடந்தது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. பக்கத்தில் எழுதும் பேனை. சியாம் மாமாவுக்கு அதை வெளியே எடுக்கவே வெட்கமாக இருந்தது.

"இது சிம் போட ஏலாத சாமான் மகள். கோல் வராது. ஒருத்தரும் கேக்கிறல்ல."

"இதுதான் மாமா எனக்கு வேணும்."

"கோல் வராத சாமான் என்னத்துக்கு மகள்?" என்றார் வாப்பா.

பற்றரி கனநேரம் நிற்கும் என்றாள். பாரம் குறைவு என்றாள். வாப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுபடியும் அந்த இரண்டு சிம் டெப்பைத்தான் கையில் எடுத்தார். அத்தோடு அவளுடைய பொறுமை போய்விட்டது.

"வாப்பா, ஒரு தாய் தன்ட புள்ளைட வருத்தத்தச் சொல்லக்குள்ள மாமி எறாலுக்கு எடுக்கிறா! அந்தத் தாய் சொல்ல வந்தத சொல்லாமலே விட்டுட்டா. கன்சல்டன்ட் சேர் எல்லாருக்கும் முன்னால ஏசினார். எனக்கு ஒருத்தரும் எடுக்காத சாமான் ஒண்டு வேணும்!"

"ஒருத்தருமா?" என்று உம்மா கேட்டார்.

வார்டில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த ஆத்திரத்தில் அது வாயில் வரவில்லை.

"ஓம். ஒருத்தரும்தான்."

சியாம் மாமா துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். லைன் சரியில்லை என்று நிப்றாஸ் நானா மறைந்துவிட்டார். வாப்பா கையிலிருந்த டெப்பைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "அதையே கட்டு மச்சான்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, சாமான் நல்ல சாமான். கோட் பைக்குள் இருக்கும் இடம் தெரியவில்லை. நோயாளிகள் சொல்வதை நஜ்லா கடைசிவரை கேட்டாள், கேட்டதை எழுதினாள். கன்சல்டன்ட் பாராட்டவில்லை, ஏசவும் இல்லை. அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம். அறைக்கு வந்து போனைப் பார்த்தால் ஒரு கோலும் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு நெருடியது. அவள்தான் வீட்டுக்கு எடுத்தாள். எல்லாரும் சுகம், நீ படி மகள் என்று உம்மா ஒவ்வொரு தரமும் சுருக்கமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒருநாள் அந்திக்கு உம்மா வாய் தவறி, வாப்பா வயலுக்குப் போய்க் கனநாள் என்றார்.

"ஏன்?"

"கால்ல முள்ளுக் குத்தின. கொஞ்சம் பழுத்துப் போச்சு. எண்ணெய் பூசிக்கிட்டு வாறம்."

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அப்படிப்பட்டவரின் காலில் காயம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்று அந்த வாரம்தான் டெப்பில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

"எனக்கு ஏன் உம்மா சொல்லல்ல?"

"நீதானே மகள் சொன்ன, ஒருத்தரும் எடுக்க வேணாமெண்டு."

உம்மா மேல் ஆத்திரம், எண்ணெய் மேல் ஆத்திரம், எல்லாவற்றையும் விடத் தன் வாயின் மேல் ஆத்திரம். போனை வாப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"விரல் என்ன நிறம் வாப்பா?"

"சுண்டுவிரல் கொஞ்சம் கறுத்துக் கெடக்கு. நோவு ஒண்டும் இல்ல மகள்."

நோவு இல்லை என்பதுதான் அவளைக் கலக்கியது; நரம்பு செத்துப்போனால்தான் அப்படி நோகாமல் இருக்கும். "இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விடியட்டும் எண்டு இருக்க வேணாம்."

"போறன், போறன்." ஓட்டோவுக்குச் சொல்லும்படி அவர் உம்மாவிடம் சொல்வது கேட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மகள், நாளைக்கு உன்ட வார்ட் எத்தின மணிக்கு முடியும்? டொக்டர் என்ன சொன்னாரெண்டு அதுக்குப் பொறகு எடுத்துச் சொல்றன்."

இத்தனை வருடத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. இதை ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது கேட்டபோது தாங்க முடியவில்லை.

"எப்பயும் எடுங்க வாப்பா" என்று ஹொஸ்டலே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "நான் வார்ட்ல நிண்டாலும் எடுங்க."