காளியாயி வேண்டிக்கொண்ட தோல்வி

காளியாயிக்குக் கால்பந்தாட்டத்தில் ஒரு விதியும் தெரியாது. ஆனால் திருச்சியில் எந்த டீம் எப்படிப்பட்டது என்று கேட்டால் பட்பட்டென்று சொல்லிவிடுவாள். பட்டாளத்து டீமோடு ஆட்டம் என்றால் இடுப்பு போகும். காலேஜ் பையன்கள் என்றால் நாலு அறையோடு நிற்கும். ஸ்ரீரங்கத்து டீம் என்றால் பயமே இல்லை, அவர்களிடம் தோற்கிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவள் மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை. புருஷன் வீரமலை தோற்ற ஆட்டமெல்லாம் அவள் உடம்பில் வந்துதான் முடிந்தது.

வீரமலைக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் பகுதியில் வேலை. வேலை முடிந்தால் மைதானம். பின்வரிசையில் நின்று எதிரியை மறிக்கிற பேக் ஆட்டக்காரன். பூட்ஸ் போடமாட்டான். கணுக்காலில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவான். பூட்ஸ் போட்டு வருகிற வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரனையும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரனையும் அந்த வெறுங்காலால் சாய்ப்பான் என்பதுதான் அவனுடைய கீர்த்தி. பந்து தப்பினாலும் ஆள் தப்பமாட்டான் என்று ஊரே கைதட்டியது.

அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் காளியாயியின் அப்பா ஏமாந்தார். முசிறிக்குப் பக்கத்தில் அவருக்கு வாழைக்கொல்லை. தார் ஏற்றிக்கொண்டு திருச்சிக்கு வந்த ஒரு நாள் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். ஜனங்கள் வீரமலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை உதைத்தால் பந்து ஆகாசத்துக்குப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். பந்துக்கு என்ன, அது காற்றடைத்த தோல்.

கல்யாணமான முதல் வருஷமே காளியாயி உதடு கிழிந்து முசிறிக்குத் திரும்பிப் போனாள். அப்பா அவளை உட்காரவைத்துச் சோறு போட்டார். ஆட்டக்காரர் என்றால் கொஞ்சம் முரடாகத்தான் இருப்பார், ஆட்டத்தை விட்டதும் அடங்கிவிடுவார் என்று சொல்லி, மறுநாள் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து பொன்மலையில் விட்டுப் போனார். இந்தத் தகப்பனை என்ன செய்தால் தகும்? காளியாயி அதற்குப் பிறகு முசிறிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவளுக்கு வாய்த்த ஒரே துணை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுராயா. சுராயாவின் புருஷன் அதே ஒர்க்ஷாப்பில் பிட்டர், ஆட்டம் என்றால் பைத்தியம். விசில் ஊதி முடிந்ததும் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, எத்தனைக்கு எத்தனை என்று சொல்வார். சுராயா அதைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் காளியாயியிடம் சொல்வாள். வீரமலை டீக்கடையில் நின்று பேசிவிட்டு நடந்து வருவதற்குள் காளியாயிக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தோல்வி என்றால் மகள் ரெங்கம்மாளைச் சுராயா வீட்டுக்கு அனுப்புவாள். விறகுக்கட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். பிறகு உட்கார்ந்து அவசர அவசரமாகத் தன் சோற்றைத் தின்றுவிடுவாள். அடி வாங்கிய வாயால் குழம்புச் சோறு தின்ன முடியாது.

ஜெயித்த நாளில் அதே மனுஷன் அல்வாவும் மல்லிகைப்பூவுமாக வருவான். அதனால் காளியாயி ஒன்றை உறுதியாக நம்பினாள். அடிப்பவன் வீரமலை அல்ல, தோல்விதான் அடிக்கிறது. டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தால் அவள் வீட்டிலும் எல்லோரையும்போல் சமைத்துத் தின்று படுக்கலாம். நம்பிவிட்டால் சகிப்பது கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், லண்டனில் ஒலிம்பிக் ஆட்டம் என்றும் அதில் இந்தியாவின் கால்பந்து டீம் ஆடப்போகிறது என்றும் பொன்மலை முழுக்க ஒரே பேச்சு. மெட்ராஸில் ஓர் ஆட்டம் வைக்கிறார்கள், அதில் நன்றாக ஆடுகிறவன் பெயர் மேலே போகும் என்று யாரோ சொன்னார்கள். வீரமலையையும், அவனோடு ஆடுகிற பிலோமின்ராஜையும் அதற்கு அழைத்தார்கள்.

காளியாயி வாழ்ந்த நல்ல நாட்கள் அவைதான். வீரமலை விடிவதற்கு முன் எழுந்து காவேரி மணலில் ஓடினான். கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. அவள் வேகவைத்த முட்டையைத் தின்றுகொண்டே, லண்டனில் குளிர் எலும்பைக் கடிக்குமாம் என்று சிரித்தான். ரெங்கம்மாளுக்குப் பதினோரு வயது. அப்பா சிரிக்கும்போது அவளும் பயந்து பயந்து சிரித்தாள்.

மெட்ராஸில் நடந்ததைப் பிலோமின்ராஜ் திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னான். எதிர்த்து ஆடியவன் ஒரு சின்னப் பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வீரமலையை ஒரு முறை தாண்டிப் போனான், மறுபடியும் தாண்டிப் போனான், ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த முறை வீரமலை பந்தைப் பார்க்கவே இல்லை. பையனுடைய முழங்காலுக்குக் கீழே குறிபார்த்து மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் மைதானத்து ஓரம் வரைக்கும் கேட்டதாம். நடுவர் வீரமலையை வெளியே அனுப்பினார். அதோடு கதை முடிந்தது. ஆனால் வீரமலை வீட்டில் சொன்னது வேறு. ஆளைப் பார்த்து எடுத்தார்களாம், ஆட்டத்தைப் பார்த்து எடுக்கவில்லையாம். அன்றைக்குக் காளியாயிக்கு முன்பல் ஒன்று போயிற்று.

டீம் லண்டனுக்குப் புறப்பட்டது. பொன்மலை டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடுவார்களாம், எதிரி பிரான்ஸாம். வெள்ளைக்காரன் போய் வருஷம் திரும்பவில்லை, அவன் ஊரிலேயே போய் நம் கொடியோடு நிற்கப்போகிறோம் என்று வயசானவர்கள்கூட நெஞ்சை நிமிர்த்தினார்கள். வீரமலை மட்டும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, என்னை விட்டுவிட்டுப் போனவன்கள் என்ன கிழிக்கிறான்கள் பார்ப்போம் என்று பல்லைக் கடித்தான்.

சுராயா தங்கள் வீட்டில் எல்லோரும் துஆ கேட்பதாகவும், நீயும் வேண்டிக்கொள் என்றும் சொன்னாள். காளியாயிக்கு முதல் முறையாகக் குழப்பம் வந்தது. அவளுக்குத் தெரிந்த கணக்கில் ஜெயித்தால் அல்வா, தோற்றால் உதை. ஆனால் இந்த ஆட்டத்தில் வீரமலை இல்லையே! அவன் இல்லாமல் அவர்கள் ஜெயித்துவிட்டால் ஊரெல்லாம் கொண்டாடும், இவன் உள்ளே கொதிப்பான். தோற்றுவிட்டால், நான் இருந்திருந்தால் என்று மார் தட்டிக்கொள்வான், மனம் குளிர்ந்துவிடும். நாள் முழுக்க யோசித்து அந்த முடிவுக்குத்தான் வந்தாள்.

ஆடி வெள்ளிக்கிழமை சமயபுரத்துக்குப் போனாள். மாரியம்மன் சந்நிதியில் நெரிசல். கண் தெரியவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும், அம்மை இறங்கவேண்டும் என்று ஆளாளுக்கு அழுதார்கள். நடுவில் காளியாயி கையைக் கூப்பி, "நம்ம ஆளுங்க தோத்துடணும் தாயே," என்று முணுமுணுத்தாள். நாடு முழுக்க ஒரு பக்கம் நின்று வேண்டும்போது அவள் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நின்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது, பக்கத்தில் யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் வேண்டுதலைத் திரும்பப் பெறவில்லை. அவள் விலா எலும்பு அவளுடையது, நாட்டுடையது அல்ல.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. சுராயாவின் புருஷன் ரேடியோ கேட்டுவிட்டுத் தொங்கிய முகத்தோடு வந்தார். இரண்டுக்கு ஒன்று, தோற்றுவிட்டோம். கடைசி நிமிஷம் வரைக்கும் சமமாக நின்று தோற்றோம். அதைவிடக் கொடுமை, இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டையும் விட்டார்களாம். பெனால்டி என்றால் என்ன என்று காளியாயி கேட்டாள். எதிரே கோல்கீப்பர் ஒருவன் மட்டும் நிற்பான், பந்தை அசையாமல் வைத்துவிட்டு உதைக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் போய்விடும் என்றார் அவர். காளியாயிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த இரண்டு உதையையும் மாரியாத்தாதான் கோணலாக்கினாளோ என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

அவள் கணக்குத் தப்பவில்லை. வீரமலை சிரித்துக்கொண்டே வந்தான். கையில் கறி, பொட்டலத்தில் பக்கோடா. பின்னாலேயே ஒரு கூட்டம், பிலோமின்ராஜும் இருந்தான். நான் இருந்திருந்தால் இரண்டும் வலைக்குள் இருந்திருக்கும் என்று வீரமலை டீக்கடையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். உதைத்துக் காட்டு என்று எவனோ வாயைக் கிளறினான். காளியாயி கறியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உரலில் மிளகாய் இடிக்கத் தொடங்கினாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக இரண்டு செங்கல்லைக் கம்பமாக வைத்தார்கள். கோல்கீப்பராக நிற்க ஒருவனும் முன்வரவில்லை. வீரமலை உதைக்கும் பந்துக்கு எதிரே நிற்க அத்தனை பேருக்கும் பயம். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டான். சும்மா நின்றால் போதும் என்றான். ரெங்கம்மாள் போய் நின்றாள். அப்பா சிரித்த முகமாக இருந்ததால் போனாள்.

வீரமலை ஓடிவந்து உதைத்தான். பெண்ணுக்கு விலகத் தெரியவில்லை. பந்து அவள் முகத்தில் மோதித் திரும்பி வந்து அவன் காலடியிலேயே விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பாவாடையில் கொட்டியது. பிறகு கூட்டத்தில் ஒருவன், "வீரமலை பெனால்டியும் போச்சுடா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

வீரமலையின் முகம் மாறியது. நேராக மகளிடம் போனான். ஏண்டி மறிச்சே என்று கேட்டு, குனிந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவளை விலாவில் உதைத்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். விழுந்தவளை மறுபடியும் உதைத்தான். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருவனும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

சத்தம் கேட்டுக் காளியாயி வெளியே வந்தாள். மிளகாய் இடித்த உலக்கை கையிலேயே இருந்தது. சுருண்டு கிடந்த மகளைப் பார்த்தாள், மூன்றாவது உதைக்குத் தூக்கிய காலைப் பார்த்தாள். அவள் கேட்ட தோல்வியைத் தெய்வம் கொடுத்துவிட்டது. ஆனாலும் கால் தூக்கியபடிதான் இருக்கிறது. இத்தனை வருஷம் எத்தனைக்கு எத்தனை என்று சுவரோரம் காத்து நின்றதெல்லாம் வீண் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்தக் கோபம் தாங்க முடியாததாக இருந்தது.

உலக்கையை ஓங்கி, அவன் தரையில் ஊன்றியிருந்த கணுக்காலில் இறக்கினாள். நுனியில் இரும்புப் பூண் போட்ட உலக்கை. வீரமலை அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவன் அவள் புடவையைப் பிடிக்கக் கையை நீட்டினான். முழங்காலில் இன்னொன்று போட்டாள். பாதம் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, எலும்பு தோலைக் கிழித்து வெள்ளையாக எட்டிப் பார்த்தது. மண்ணெல்லாம் ரத்தமும் மிளகாய்த்தூளும். அவள் மறுபடி ஓங்கும்போது சுராயா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். "போதும்டி, செத்துடப்போறான்," என்றாள்.

கட்டிலோடு தூக்கி வீரமலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காளியாயி மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கம்பவுண்டர் காலைப் பார்த்து முகத்தைச் சுளித்து, எப்படி ஆயிற்று என்று கேட்டார். பிலோமின்ராஜ் முந்திக்கொண்டு, "ஆட்டத்துல பட்டதுங்க," என்றான். வலியில் வாய் கோணியிருந்த வீரமலையும், ஆமாம் என்று தலையாட்டினான். பெண்சாதி அடித்தாள் என்று சொல்வதைவிட அவன் செத்துப்போவான். அவனே மறைக்கும்போது தனக்கென்ன வந்தது, போலீஸ் கீலீஸ் என்று இழுபடாமல் போகட்டும் என்றுதான் காளியாயியும் நினைத்தாள்.

கம்பவுண்டர் ரெங்கம்மாள் பக்கம் திரும்பினார். மூக்கு வீங்கிக் கண்ணை மறைத்திருந்தது. விலாவைத் தொட்டதும் துடித்தாள். "உனக்கு என்ன பாப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

"கொழாயடியில வழுக்கி விழுந்துட்டேங்க," என்றாள் ரெங்கம்மாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை இங்கே வரும்போதும் காளியாயி இதே கம்பவுண்டரிடம் சொன்ன வார்த்தை அது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற குழந்தை அதை எப்போதோ பாடமாக்கி வைத்திருக்கிறது. தடுமாறாமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அம்மா சொல்கிற மாதிரியே சொன்னது. பல் போனபோதுகூடக் காளியாயிக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"அது பொய்ங்க," என்றாள். "அவ விழல. இந்த ஆளு உதைச்சான். இவனுக்கும் ஆட்டத்துல படல, நான்தான் அடிச்சேன். ரெண்டையும் அப்படியே எழுதிக்குங்க."

பிலோமின்ராஜ் தரையைப் பார்த்தான். வீரமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கம்பவுண்டர் அவளை மேலும் கீழும் பார்த்து, எதால் அடித்தாய் என்று கேட்டார்.

"உலக்கையாலங்க," என்றாள் காளியாயி. "பக்கத்து வீட்டம்மா புடிச்சு இழுத்ததால ரெண்டு தரத்தோட நின்னுச்சு."