மாயாண்டி சொன்ன ஆட்டுக்கதை

மாயாண்டியைப் பற்றி யாராவது எழுதினால் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டினான்; தோட்டத்தை விற்றதும் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறி, ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றான். அவ்வளவுதான் என்பார்கள். நாற்பது வருடம் அவனோடு சுற்றியவன் நான். அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சீனி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். மாயாண்டியின் மனைவி மங்களம் என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் தனேஸ்வரன் நான்கு வருடத்துக்கு முன் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனான். இருபத்தேழு வயது. இளையவள் தினேஸ்வரி பாலர் பள்ளியில் ஆசிரியை. மகன் போன பிறகு அந்த வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

அதை மாற்றியது தினேஸ்வரிதான். பள்ளியில் இருந்த படப்புத்தகங்களைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்.

"எல்லாத்துலயும் சிங்கமும் ஒட்டகமும்தான் மாமா. நம்ம புள்ளைங்க ஒட்டகத்த எங்க பாத்துச்சுங்க? சாக்கடையில உடும்பு ஓடுறதத்தான் பாத்திருக்குதுங்க. நாமளே புக்கு போடலாம்லா" என்றாள்.

அவள் எழுதினாள், நான் வரைந்தேன். போட்டோஸ்டேட் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினோம். மாயாண்டி ஓரம் வெட்டினான். மங்களம் பக்கங்களைச் சேர்த்துப் பெரிய ஸ்டேப்ளரால் அடித்தாள். அடிப்பதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்துவிடுவாள். ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னண்ணே இது, உடும்புக்கு நாய் நாக்குல்ல போட்டிருக்கீங்க? அது நாக்கு ரெண்டாப் பிரிஞ்சிருக்கும்" என்றாள் முதல் புத்தகத்தைப் பார்த்து. நான் முறைத்தேன். அவள் சிரித்தாள். தனேசு போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உடும்பின் நாக்கை மாற்றி வரைந்தேன்.

முதல் புத்தகம் உடும்பு. இரண்டாவது, நாசி லெமாக் சோற்றுக்கடையில் திருடித் தின்னும் மைனா. மூன்றாவதற்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மங்களம் வீட்டில் இல்லை. தங்கச்சிக்குக் கண் அறுவை செய்திருந்ததால் தஞ்சோங் ரம்புத்தானில் இரண்டு வாரம் தங்கப் போயிருந்தாள்.

"இந்தத் தடவ நீங்க ஒரு கத சொல்லுங்கப்பா" என்றாள் தினேஸ்வரி.

மாயாண்டி கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். பிறகு, "கோப்பி கதைய சொல்லவா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எங்கள் வீடுகளில் அந்தக் கதை அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

தனேசுக்கு ஆறு வயதில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனித் தேறமாட்டான் என்று நினைத்த அன்று மங்களம், "எம்புள்ள எந்திரிச்சு வந்துட்டா கறுப்புக் கிடா வெட்டுறோம் சாமி" என்று மாயாண்டி குடும்பத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து வந்தான். உடனே ஒரு கறுப்புக் குட்டியை வாங்கித் தோட்டத்து லயத்து வீட்டின் பின்னால் கட்டி வளர்த்தார்கள். காப்பி மாதிரிக் கறுப்பாக இருந்ததால் தனேசு அதற்குக் கோப்பி என்று பெயர் வைத்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பலா இலை ஒடித்துக்கொண்டு அதனிடம்தான் ஓடுவான். நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பெயர் வைக்க விட்டதே தப்பு என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஒரு வருடம் கழித்து மாயாண்டியும் நானும் கோப்பியை என் வேனில் ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தானுக்குப் போனோம். கோயில் அங்கே, அவன் பிறந்த தோட்டத்தில் இருந்தது. மங்களத்துக்கு அந்த வாரம் தீட்டு, அதனால் வரவில்லை. பூசாரி தண்ணீர் தெளித்தார். கோப்பி உடம்பைச் சிலிர்த்தது. சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மாயாண்டி கத்தியை வாங்கினான். கோப்பி அவன் முழங்காலில் தலையை முட்டியது. கத்தியைக் கீழே வைத்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். பூசாரி கத்தினார். நானும்தான் கத்தினேன். அவன் திரும்பவே இல்லை.

ஊருக்குள் ஐயாத்துரை என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். சுத்த சைவம், வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு. அவர் வீட்டில் ஆட்டை விட்டோம். திரும்பும் வழியில் மாயாண்டி செமோர் பாசாரில் ஆட்டுக்கறி வாங்கி, அதைப் படையல் கறி என்று மங்களத்திடம் கொடுத்தான். தனேசிடம் கோப்பி சாமிகிட்டப் போயிடுச்சு என்றோம். கோப்பி இன்னும் பதினோரு வருடம் அந்த வளவில் இருந்து, தாடி நரைத்து, வயதாகிச் செத்தது.

இதைத்தான் மாயாண்டி அன்று மகளிடம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்லா" என்றான்.

பொய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆட்டை வரைய எனக்கும் ஆசையாக இருந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல படம் அதன் கடைசிப் பக்கம்தான். நரைத்த தாடியோடு கோப்பி ஒரு மாமரத்தடியில் படுத்திருக்கும்.

மங்களம் திரும்பி வந்த அன்று தாள்கள் கூடத்தில் இருந்தன. வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். மாயாண்டி சுவரோரம் நின்றான். 'அப்பாவால் கோப்பியை வெட்ட முடியவில்லை' என்ற பக்கம் வந்ததும் அவள் கை நின்றது. பிறகு கடைசிவரை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இது கததானங்க?"

மாயாண்டி இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப அந்தக் கறி?"

"செமோர் பாசார்ல வாங்குனது."

"மொத வாயி எம்புள்ளைக்கு ஊட்டுனேனே. சாமி சாப்பாடுன்னு சொல்லி ஊட்டுனேனே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தினேஸ்வரி அழுதுகொண்டே தாள்களை எல்லாம் ஒரு சாக்கில் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மங்களம் கதவைத் திறந்து வந்து சாக்கைப் பிடுங்கினாள்.

"குடு இங்க. ஆடு பொழச்சுச்சுன்னா புள்ளைங்க சந்தோசப்படும். அதுங்களாச்சும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக அடித்தாள். ஐம்பதையும் அடித்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

மாயாண்டியைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் திட்டினேன். "அறிவு இருக்காடா உனக்கு? மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"எம்மவன் போன அன்னைலேருந்து அவகிட்டச் சொல்லணும்னு பாக்குறேன் சீனி. வாயி வரல. கதையாச் சொன்னப்பதான் வந்துச்சு."

நான்கு வருடமாக இவன் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறான். தினமும் அவனோடு தே தாரிக் குடித்த எனக்கு அது தெரியவில்லை. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு மங்களம் அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள். மூன்றாவது வாரம் எனக்குப் போன் செய்து வரச் சொன்னாள்.

"ஒரு கறுப்புக் கிடா பாருங்கண்ணே."

"எதுக்கும்மா? போன புள்ள திரும்பியா வரப்போறான்?"

"இருக்கிற புள்ளைக்குண்ணே. தினேசும் மோட்டார்லதான வேலைக்குப் போறா." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பூசாரி வெட்டக்கூடாது. அவருதான் வெட்டணும்."

தினேஸ்வரி எவ்வளவோ சண்டை போட்டாள். "சாமி அப்படியெல்லாம் உசுர எடுக்காதும்மா. அப்பாவப் பாரும்மா" என்று கெஞ்சினாள். மங்களம் அசையவில்லை. மாயாண்டிதான் மகளின் தலையைத் தடவி, "விடும்மா. அம்மா நிம்மதியாத் தூங்கட்டும்" என்றான்.

போன மாதம் மறுபடியும் நாங்கள் இருவரும் தெலுக் இந்தானுக்குப் போனோம். தோட்டம் முழுவதும் செம்பனைத் தோப்பாகிவிட்டது, கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் கிடாவுக்குப் பெயர் இல்லை. வழியெல்லாம் மாயாண்டி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீர் தெளித்ததும் அது சிலிர்த்தது. ஒரே வெட்டு. அறுபத்திரண்டு வயதுக் கை நடுங்கும் என்று பயந்தேன், நடுங்கவில்லை. அங்கிருந்தே மங்களத்துக்குப் போன் செய்து, "முடிச்சிட்டேன்" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "பாத்து வாங்க" என்றாள். அத்தனை நாள் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

வேனில் ஏறி வெகு தூரம் வந்துவிட்டோம். அப்போது அவன் கேட்டான்.

"சீனி, இத அன்னைக்கே செஞ்சிருந்தா எம்மவன் இருந்திருப்பானா?"

நான் சாமிக்கெல்லாம் பயப்படுகிறவன் இல்லை. என் நண்பன் நிம்மதியாக இருந்தால் போதும் எனக்கு. அதனால் பட்டென்று சொன்னேன்.

"பைத்தியமாடா நீ? லாரிக்காரன் தூங்கிட்டான், மோதிட்டான். ஆட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவன் என் பக்கம் திரும்பினான். சட்டைக் கையில் ரத்தம் அப்படியே காய்ந்திருந்தது.

"அப்ப இன்னைக்கு இது எதுக்குச் செத்துச்சு சீனி?"