பாட்டுக்காரியின் இரத்தமும் எங்கள் வீட்டுக் கலியாணமும்

மருதனார்மடம் சந்தையில் நான் வழக்கமாகக் கத்தரிக்காய் வாங்கும் மனுசி, அன்றைக்கு என் முகத்தை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தார். நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார். கேட்காமலே ஒரு கட்டு முருங்கையிலையையும் தூக்கிப் பைக்குள் வைத்தார்.

"கொண்டு போங்கோ மாஸ்டர். இரத்தத்துக்கு நல்லது."

என் இரத்தத்துக்கு என்ன வந்தது? யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், வாசல் படலையில் இன்னொரு கட்டு முருங்கையிலை தொங்குகிறது. பக்கத்து வீட்டிலிருந்து பீற்றூட் வந்திருக்கிறது. பின்னேரம் என்னிடம் படித்த ஒரு பெடியன் சைக்கிளில் வந்து இரண்டு மாதுளம்பழத்தைக் கையில் திணித்து, "சேர், மனந்தளரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் பதிலைக் கேட்காமலே போய்விட்டான். என் மனுசி மூன்று நாளாகச் சோற்றோடு முருங்கையிலை வறைதான் வைத்தாள். வீணாக்க ஏலுமா?

பிறகுதான் விசயம் பிடிபட்டது. எல்லாம் இந்தப் பத்திரிகைப் பத்தியால் வந்த வினை.

சில கிழமைகளுக்கு முந்தி இதே இடத்தில் நான் எழுதியதை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடதாசித் தட்டுப்பாடு, பத்திரிகை ஆசிரியர் முறைப்பார்.

மின்சாரம் இல்லாத ஊரில் ரேடியோ கேட்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். டைனமோவிலிருந்து வயர் இழுக்கவேண்டும். பெடலைக் கையால் சுற்றவேண்டும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் மனுசி, கேட்பது நான். அடுத்த நாள் முறை மாறும் என்பது ஒப்பந்தம். அந்த அடுத்த நாள் இன்னும் வரவில்லை.

அப்படி ஒரு பின்னேரம் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தில் ஆங்கில நிகழ்ச்சி. அமெரிக்காவின் கறுப்பினப் பாடகி ஒருவர் கதைக்கிறார். பெயரைச் சொன்ன நேரம் பார்த்து என் மனுசி கையில் கடித்த நுளம்படிக்கப் பெடலை விட்டாள்... பெயர் போய்விட்டது. குரல் மட்டும் திரும்பி வந்தது. என்ன குரல் பாருங்கோ! அடுப்படியில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

அவர் பாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. தன் இரத்தத்தைப் பற்றிக் கதைத்தார். அரிவாள் நோய் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் இரத்தத்தில் இருக்கும் செங்குழியம் வட்டமாக இருக்கும். அந்த நோய்க்காரருக்கு அது அரிவாள் போல வளைந்துவிடும், சின்னச் சின்ன நாளங்களில் சிக்கி அடைக்கும், உயிர் போகிற மாதிரி நோகும். அப்பாவிடமிருந்து ஒரு வித்து, அம்மாவிடமிருந்து ஒரு வித்து, இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய். ஒரு வித்து மட்டும் என்றால்? அநேகமாக ஒன்றும் தெரியாது. அந்த ஆள் தன் பாட்டுக்குப் பாடித் திரியலாம், ஓடித் திரியலாம். தனக்குள் அது இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

"எனக்கு அந்த ஒரு வித்து இருக்கிறது," என்றார் அந்தப் பாட்டுக்காரி. "என் தம்பிக்கு இரண்டும் இருந்தன. அவனைப் புதைத்த பிறகுதான் நான் சோதித்தேன். நீங்கள் அதற்கு முந்தியே சோதியுங்கள்." கச்சேரி முடிந்ததும் சனம் கைதட்டும்போது, மைக்கை விடாமல் இதையும் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவாராம். அவருக்குப் பிறகு ஓர் ஓட்டக்காரர் வந்து தனக்கும் இருக்கிறது என்றார். ஒரு பகிடிக்காரர் வந்து, தன் மாமியார் தன்னில் கண்டுபிடித்த குறைகளில் இது மட்டும்தான் ஆஸ்பத்திரியில் நிரூபணமானது என்றார். என் மனுசி விழுந்து விழுந்து சிரித்ததில் ரேடியோ நின்றுவிட்டது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். தோலைப் பார்த்தே வேலை இல்லை, வீடு இல்லை என்று விரட்டிய நாட்டில், இந்த இரத்தத்தையும் சாட்டாக வைத்து விரட்டியவர்கள் இருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு, "என் இரத்தத்தில் இது இருக்கிறது" என்று தாங்களாகவே சொல்வதென்றால் எவ்வளவு துணிவு வேண்டும்? நாங்களோ, இருமலைக்கூடத் தாலி ஏறும் மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கிற ஆட்கள். அதைத்தான் எழுதினேன். "நாங்களும் அந்தப் பாட்டுக்காரியைப் போலச் சொல்லப் பழகுவோம்" என்று முடித்தேன்.

அந்தக் கடைசி வரிதான் வினை.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு நோய் வருத்தத்தைப் பற்றி ஒருவன் வாய் திறந்தால், அது அவன் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவனுக்கேன் அந்தக் கதை? மாஸ்டர் இரத்தத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். அப்ப மாஸ்டருக்கு இரத்தத்தில் வருத்தம்! பாட்டுக்காரியை மறைப்பாக முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் நின்று சொல்கிறார், பாவம். இப்படித்தான் மருதனார்மடத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் என்னை வாசித்திருக்கிறார்கள்.

முருங்கையிலையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்ததாக ஆட்களும் வரத் தொடங்கினார்கள். முன்படலையால் அல்ல, பின் ஒழுங்கையால். பென்சன் எடுத்த ஒரு பெரிய உத்தியோகத்தர் என் காதுக்குள் குனிந்து, தனக்கு முப்பது வருசமாக மூச்சிழுப்பு என்றார். "உங்களுக்கு எண்டபடியாத்தான் சொல்லுறன்." வேறொருவர் தன் மச்சாளுக்கு வலிப்பு என்று சொல்லி அழுதுவிட்டுப் போனார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தால், "ஓம் ஓம், விளங்குது" என்று முதுகில் தட்டுகிறார்கள். என்ன செய்கிறது?

நாலாம் நாள் என் தங்கச்சி வந்தாள். சைக்கிளைச் சுவரோடு சாத்தவில்லை, போட்டாள்.

"அண்ணை, என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டியள்."

அவளுடைய ஒரே மகள் சுகந்தி. திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை. கரவெட்டியில் நேசன் என்ற வாத்தியாருக்குப் பேசி, சாதகம் பொருந்தி, ஆவணியில் நாளும் வைத்தாகிவிட்டது. இருவரும் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறார்கள், ஆனால் சுகந்தி தனியாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள் என்று தங்கச்சியே எனக்குச் சொல்லியிருந்தாள். இப்போது கரவெட்டியிலிருந்து ஆள் வந்து, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் கதைக்க வருகிறா என்று சொல்லியிருக்கிறது.

நாள் வைத்த பிறகு 'கதைக்க' வருவதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

"வாற கிழமையே எழுதுங்கோ," என்றாள் தங்கச்சி. "எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை எண்டு. பெரிசாய், பெட்டி கட்டிப் போடச் சொல்லுங்கோ."

அவள் அழுகிறாள். நான் தமையன். பேனையை எடுத்து எழுதியும் விட்டேன். அந்தப் பாட்டுக்காரியின் குரலைக் கேட்டு நெஞ்சு நிறைந்த அதே ஆள், அதே கையால், நாலு வரியில் மறுப்பு எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து தாயைத் தேடி வந்த சுகந்தி அந்தத் தாளை எடுத்து வாசித்தாள்.

"மாமா, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்ச மட்டும் ஒண்டுமில்லைப் பிள்ளை."

"ஆரும் சோதிச்சவையோ?"

இருபத்தெட்டு வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இதை நானல்லவா கேட்டிருக்கவேண்டும். அவள் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"உந்தத் தாளை அனுப்பாதேங்கோ. அவை கலியாணத்தை விட்டா விடட்டும்." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவளுக்கு நேசனைப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கரவெட்டியிலிருந்து வல்லை வெளிக் காற்றுக்கு எதிராக நேசன் தாயைக் கரியரில் ஏற்றி மிதித்து வந்திருந்தான். சேர்ட் நனைந்து ஒட்டியிருந்தது. என் வீட்டில்தான் சந்திப்பு, குற்றவாளி நான்தானே. தங்கச்சி தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

தாய் தேத்தண்ணியைத் தொடவில்லை. கைப்பையைத் திறந்து நான் எழுதிய பத்தியை எடுத்தா. வெட்டி வைத்திருக்கிறா. நாலாக மடித்த மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.

"இதை எழுதினது நீங்கள்தானே மாஸ்டர்?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"உங்கடை வீட்டிலை இப்பிடி இருக்கு எண்டு எவ்வளவு துணிவாய் எழுதியிருக்கிறியள்."

நான் வாயைத் திறந்தேன். என் மனுசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஏன் மிதித்தாள் என்று அப்போது விளங்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார் என்றுதான் மிதித்திருக்கிறாள்.

"எனக்கு நேசனுக்கு முந்தி ஒரு பிள்ளை இருந்தவன்," என்றா அந்த அம்மா. "குமரன். ஒன்பது வயசிலை போயிட்டான். காய்ச்சலெண்டுதான் ஊருக்குச் சொன்னனாங்கள். காய்ச்சலில்லை. பிறந்ததிலையிருந்து மாசாமாசம் இரத்தம் ஏத்தினது. கொழும்பிலை பெரிய டொக்டர் தலசீமியா எண்டு சொன்னவர். உங்கடை பாட்டுக்காரி சொன்ன மாதிரித்தான் எங்களுக்கும் சொன்னவர்... ரெண்டு பேரிட்டையிருந்தும் வந்ததெண்டு. இவர் என்ரை மனுசன் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவர். படத்தையும் எடுத்து வைச்சிட்டம். அப்ப நேசன் கைக்குழந்தை, அவனுக்குக்கூடத் தெரியாது. இதை வாசிச்ச அண்டைக்குத்தான் சொன்னனான்."

தலசீமியா என்பது அரிவாள் நோய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. பிள்ளைக்கு வருகிற வழி அதேதான்.

நேசன் அப்போதுதான் வாய் திறந்தான். "எனக்கும் அந்த ஒரு வித்து இருக்கலாம், சேர். சொல்லாமல் கட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் கோவிக்கமாட்டன்." சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாருங்கோ கூத்தை. எங்களை விட்டுவிடப் போகிறார்கள் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் விட்டுவிடுவோம் என்று அவர்கள் வல்லை வெளி முழுக்க நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இருப்பதாகத் தெரியாது, ரேடியோவில் கேட்டதைத்தான் எழுதினேன், சனம்தான் எனக்கு வருத்தம் கட்டிவிட்டது என்று. அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. ஐயோ, வீணாகச் சொல்லிவிட்டேனே என்ற முகம் அது.

சுகந்தி கதவோரம் நின்றவள் முன்னுக்கு வந்தாள். "நீங்கள் சோதிச்சனீங்களோ?" என்று நேசனை நேரே கேட்டாள்.

"இல்லை."

"நானும் இல்லை. நாளைக்குப் போவமோ?"

தங்கச்சிக்கு மயக்கம் வராத குறை. கலியாணத்துக்கு முந்திப் பெட்டையும் பெடியனும் ஒன்றாகச் சைக்கிளில் போவதா? கடைசியில் அவர்கள் இருவரும் முன்னால், கொஞ்சம் பின்னால் நான், எனக்குப் பின்னால் கரியரில் மாப்பிள்ளையின் தாய்... இப்படி ஓர் ஊர்வலமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்றச் சோடிகள் கோயிலுக்குப் போகும். இவர்கள் ஒரே வாங்குப் பலகையில் குந்தியிருந்து, ஒரே ஊசிக்காரரிடம், ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். ஊசியைக் கண்டதும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். சுகந்தி சிரித்தாள், அவனும் கண்ணை மூடியபடியே சிரித்தான். போகிற வழி முழுக்க எனக்குப் பின்னால் அந்த அம்மா குமரனைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தா. அவனுக்கு அப்பம் விருப்பமாம், கோடு போட்டு எழுதமாட்டானாம், மழை பெய்தால் உள்ளே வரமாட்டானாம். இருபத்தைந்து வருசத்துக் கதை. நான் மிதிக்கிறதை மெதுவாக்கினேன்.

முடிவு வரும் மட்டும் தங்கச்சி மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வைத்த நேர்த்திகளைச் சொல்லி முடியாது. இருவருக்கும் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சுகந்தி மட்டும் கடையிலிருந்து வந்து ஒவ்வொரு நாளும், "வந்திட்டுதோ மாமா?" என்று கேட்டாள்.

வந்தது. நேசனுக்கு அந்த ஒரு வித்து இருக்கிறது. சுகந்திக்கு இல்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒராளுக்கு இல்லையெண்டால் பிள்ளையளுக்கு அந்த நோய் வராது. போய்க் கலியாணத்தைச் செய்யுங்கோ" என்றார். நான் ஐம்பத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரி விறாந்தையில் துள்ளினேன். நேர்ஸ் மிஸ்ஸி ஏசினா. ஏசட்டுமே! மாப்பிள்ளையின் தாய் சுகந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நாள் மாறவில்லை. ஆவணிதான்.

நேற்று எல்லோருமாகக் கூறைச்சேலை எடுக்கப் போனோம். ஊரையே சொல்லச் சொன்ன பெரிய மனிதன் என்று எனக்குக் கதிரை தந்து இருத்தினார்கள். சுகந்தி ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாமா, நிறம் எப்பிடி?" என்றாள். "நல்ல நிறம்" என்றேன். முப்பது வருசத்துப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. வீடு வரும் வரை அது என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அந்தப் பாட்டுக்காரி சொன்னார், அந்த அம்மா சொன்னா. நான் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

சரி, இதோ: பிறவியிலிருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். என் மனுசியின் கூறை என்ன நிறம் என்று இருபத்தாறு வருசமாக எனக்குத் தெரியாது.